தோள்பட்டை வலியா? "வாயு" என்று விட்டுவிடாதீர்கள்!

மும்பையில் மாலை 6 மணிக்கு மேல் லோக்கல் ரெயிலில் ஏறுகிறவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். உட்கார இடம் கிடைத்ததும் பலருடைய கை தானாகவே பிடரிக்குப் போகும். சிலர் தோளைக் குலுக்குவார்கள். சிலர் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிச் சொடுக்குவார்கள்.

தாராவியில் தோல் பை தைப்பவர், மாட்டுங்காவில் கணக்கு எழுதுபவர், சயான் கோலிவாடாவில் விடியுமுன் தண்ணீர் பிடிக்கும் தாய்மார், தலையில் இட்லிப் பாத்திரம் சுமந்து தெருத்தெருவாகப் போகிறவர் எல்லோருக்கும் வேலை வேறு. வலிக்கும் இடம் மட்டும் ஒன்றுதான். பிடரிக்குக் கீழே, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே!

"வாயு பிடித்துக்கொண்டது" என்று பூண்டு தின்பார்கள். தைலம் தேய்ப்பார்கள். ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போவார்கள். நாள்கூலிக்காரருக்கு வேறு வழி? ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போய்விடும். வலி குறையும். பத்து நாளில் திரும்ப வரும்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? எப்போது கவலைப்பட வேண்டாம்? எப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது? இந்த மூன்றையும் தெரிந்துகொள்வது வெளியூரில் உழைத்துப் பிழைக்கும் ஒவ்வொருவருக்கும் அவசியம்.

வலிப்பது எலும்பா? தசையா?

மேல் முதுகு வலியில் பெரும்பாலானவை தசையிலிருந்து வருகின்றன. பின்மண்டையில் தொடங்கி, இரு தோள்களுக்கும் விரிந்து, நடுமுதுகு வரை இறங்கும் பெரிய தசை ஒன்று இருக்கிறது. தலையைத் தாங்குவது, தோளைத் தூக்குவது, கையை உயர்த்தும்போது தோள்பட்டை எலும்பைத் திருப்புவது எல்லாம் இதன் வேலை. இதற்கு அடியில் தோள்பட்டை எலும்பைக் கழுத்தோடும் முதுகெலும்போடும் கட்டி வைத்திருக்கும் சிறிய தசைகள் உள்ளன.

தசை சுருங்கும்போது அதற்குள் இருக்கும் ரத்தக்குழாய்கள் அழுத்தப்படுகின்றன. தளரும்போது ரத்தம் பாய்கிறது. சுருங்குவதும் தளர்வதுமாக இருந்தால் தசைக்குக் களைப்புக் குறைவு. மண்வெட்டி பிடித்துக் கொத்துகிறவரின் தசைக்கு இந்த ஓய்வு இடையிடையே கிடைக்கிறது. தையல் மெஷினில் குனிந்திருப்பவருக்கும் கம்ப்யூட்டர் முன் கையை நீட்டியிருப்பவருக்கும் அது கிடைப்பதில்லை. அவர்கள் தோள் தசை கொஞ்சமாகத்தான் சுருங்குகிறது. ஆனால் மணிக்கணக்கில் தளராமல் சுருங்கியே இருக்கிறது.

ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் கோரான் ஹாக் 1991-ம் ஆண்டில் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். ஒரு தசையில் சில நார்கள் மட்டும் வேலை ஆரம்பித்ததும் முதலில் எழுகின்றன. வேலை முழுவதும் முடிந்த பிறகே ஓய்கின்றன. சுமை குறைவாக இருந்தாலும் பாரம் அந்த நார்கள் மேல்தான். வீட்டில் முதலில் எழுந்து கடைசியாகப் படுக்கும் மருமகளின் நிலைதான் அவற்றுக்கு! மேல்நாட்டுக் கதையில் வரும் சின்ட்ரெல்லாவின் பெயரையே அவர் அந்த நார்களுக்கு வைத்தார்.

"நான் மூட்டை தூக்கவில்லையே, உட்கார்ந்துதானே வேலை செய்கிறேன், எனக்கு ஏன் வலிக்கிறது?" என்று கேட்கும் குமாஸ்தாவுக்கு இதுதான் பதில்.

தொட்டால் துள்ளும் முடிச்சு

தோளைத் தடவிப் பார்த்தால் சில இடங்களில் கயிறு போல ஒரு கட்டு தட்டுப்படும். அதை அழுத்தினால் வலி அங்கே மட்டும் நிற்காது. காதுக்குப் பின்னால், நெற்றிப்பொட்டு, கை என்று வேறு இடத்துக்கும் ஓடும். அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு மருத்துவராக இருந்த ஜேனட் டிராவல் இந்த முடிச்சுகளைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். டேவிட் சைமன்சுடன் சேர்ந்து 1983-ல் அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் பிசியோதெரபிஸ்ட்டுகளுக்குப் பழக்கமானது. நம் ஊர்ப் பாட்டிமார் "நரம்பு சுருண்டுகொண்டது" என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் தசை முடிச்சைத்தான். நரம்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

குனிந்த தலை எவ்வளவு கனம்?

மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோ. நேராக இருக்கும்போது கழுத்தெலும்பு அதைச் சுலபமாகத் தாங்குகிறது. தலை முன்னால் சாயச் சாய, அது விழாமல் பிடரித் தசைகள் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். 60 டிகிரி அளவுக்குக் குனிந்து செல்போன் பார்த்தால் கழுத்தின் மேல் ஏறும் பாரம் சுமார் 27 கிலோ ஆகும் என்று நியூயார்க் அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் கணக்கிட்டார்.

இது கணக்குதான். குனிகிற எல்லோருக்கும் வலி வந்துவிடுவதில்லை. குனிவதைவிடப் பெரிய குற்றம் அசையாமல் இருப்பது. எவ்வளவு நல்ல நிலையில் உட்கார்ந்தாலும் 2 மணி நேரம் கல்லாகச் சமைந்தால் தசை முறையிடத்தான் செய்யும்.

கவலையும் இதில் சேர்ந்துகொள்கிறது. மனம் இறுகும்போது தோள் காதை நோக்கி உயர்வதை யாரும் தம்மிடமே பார்க்கலாம். வாடகை பாக்கி, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், முதலாளியின் ஏச்சு எல்லாம் தோள் மேல்தான் ஏறி உட்காருகின்றன. தூக்கம் கெட்டால் வலி கூடும். வலி கூடினால் தூக்கம் கெடும்.

கண்ணும் ஒரு காரணம்!

40 வயதைத் தாண்டியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊசியில் நூல் கோக்க முடியவில்லையா? பில்லில் எண் தெரியவில்லையா? அது வெள்ளெழுத்து. கண்ணாடி போடாமல் சமாளிக்கிறவர் தம்மை அறியாமலே தலையை நீட்டி, கழுத்தை வளைத்துப் பார்ப்பார். முதுகுக்குத் தைலம் வாங்கும் காசில் கண்ணைச் சோதித்துக்கொண்டால் பாதி வலி போகும் ஆட்கள் உண்டு.

இரட்டைக் கண்ணாடி போட்டவர்கள் கம்ப்யூட்டரைப் பார்க்கும்போது கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்குவார்கள். இதுவும் பிடரியைப் பிடிக்கும். அவர்கள் திரையைச் சற்றுத் தாழ்த்தி வைக்க வேண்டும்.

வேலை செய்யும் இடத்தில்...

மேஜை வேலைக்காரர்கள்: திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். முழங்கை உடலை ஒட்டி, மடங்கியபடி, கை மேஜையில் தாங்கியிருக்கட்டும். கால் தரையில் படவில்லை என்றால் ஒரு பலகையோ 2 செங்கல்லோ போடலாம். டெலிபோனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு எழுதுவதை இன்றே விட வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நிற்பது மிக முக்கியம். தண்ணீர்ப் பானையைத் தூரத்தில் வைத்தால் அதுவே எழுப்பிவிடும்.

தையல், தோல் வேலைக்காரர்கள்: ஸ்டூல் உயரம் சரியில்லாததுதான் பல பட்டறைகளில் முதல் குறை. மெஷின் தாழ்வாக இருந்தால் முதுகு வளையும். மிக உயரமாக இருந்தால் தோள் தூக்கியபடியே நிற்கும். ஒரு பலகை வைத்து மெஷினை உயர்த்தவோ, ஸ்டூலின் காலை அறுத்துக் குறைக்கவோ பெரிய செலவு ஆகாது. விளக்கை வேலைக்கு அருகே இறக்கிக் கட்டினால் குனிவது குறையும். ஒரு பை முடிந்து அடுத்ததை எடுக்கும் முன் கையைத் தொங்கவிட்டு 5 முறை தோளைச் சுழற்றலாம். பத்து விநாடியில் கூலி குறைந்துவிடாது.

சுமை தூக்குகிறவர்கள்: ஒரு வயது வந்த ஆண் வழக்கமாகச் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-ல் பரிந்துரை செய்தது. பெண்களுக்கு இதைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் கூறியது. ஒரு சிமெண்டு மூட்டையே 50 கிலோ! இரண்டு மூட்டை ஒன்றாகத் தூக்குவது வீரம் அல்ல. சும்மாடு தடிமனாகவும் தலை நடுவிலும் இருக்க வேண்டும். ஏற்றவும் இறக்கவும் இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். தலையில் சுமை இருக்கும்போது கழுத்தை மட்டும் திருப்பிப் பார்க்கக் கூடாது. உடம்போடு திரும்ப வேண்டும்.

வீட்டுப் பெண்கள்: தண்ணீரை ஒரே கையில் பெரிய கேனாகத் தூக்குவதை விட, இரண்டு கையிலும் சிறு பாத்திரமாக இரண்டு நடை நடப்பது தோளுக்கு நல்லது. மாடிக்கு ஏணியில் ஏறும் வீடுகளில் நிரம்பிய குடத்தை ஏற்றுவதை வீட்டு ஆண்கள் ஏற்றுக்கொள்ளட்டும். அது பெண் வேலை என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

ரெயில் பயணிகள்: பையை ஒரே தோளில் தொங்கவிட்டு, அதே பக்கக் கையால் மேல் பிடியைப் பிடித்து ஒரு மணி நேரம் நின்றால் வலி நிச்சயம். 10 நிமிடத்துக்கு ஒரு முறை கையை மாற்ற வேண்டும். பையைத் தட்டில் வைத்துவிடலாம்.

2 நிமிடம் போதும்!

"உடற்பயிற்சிக்கு நேரம் ஏது? இடம் ஏது?" என்ற கேள்வி நியாயமானது. 10-க்கு 10 அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள். அதற்கும் வழி இருக்கிறது.

டென்மார்க்கில் லார்ஸ் ஆண்டர்சன் குழுவினர் 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கழுத்து, தோள் வலி அடிக்கடி வரும் 198 அலுவலக ஊழியர்களிடம் அது நடத்தப்பட்டது. ஒரு பிரிவினர் தினமும் 2 நிமிடம் மட்டும், இன்னொரு பிரிவினர் 12 நிமிடம் ரப்பர் குழாயை இழுத்துப் பயிற்சி செய்தனர். வாரம் 5 நாள், மொத்தம் 10 வாரம். பயிற்சி செய்யாதவர்களோடு ஒப்பிட்டபோது இரண்டு பிரிவினருக்கும் வலி குறைந்திருந்தது. 2 நிமிடமே பலன் தந்தது!

ரப்பர் குழாய்க்குக் கடைக்குப் போக வேண்டாம். பழைய சைக்கிள் டியூப் போதும். வெடிப்பு இல்லாததாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. டியூபின் நடுப்பகுதியை மிதித்து நின்று, இரு முனைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். முழங்கையைச் சற்று மடக்கி, கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்குங்கள். கை களைக்கும் வரை, 2 நிமிடத்துக்குள். அந்த ஆய்வில் செய்தது இதுதான்.

2. டியூபை ஜன்னல் கம்பியில் மாட்டி, இரு முனைகளையும் இடுப்பை நோக்கி இழுங்கள். தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகில் நெருங்க வேண்டும். 10 முறை.

3. வாசற்படி நிலையில் முழங்கைகளைத் தோள் உயரத்தில் ஊன்றி, ஒரு காலை முன்வைத்து மார்பை முன்னே தள்ளி 20 விநாடி நில்லுங்கள். மூன்று முறை. குனிந்து குனிந்து சுருங்கிய மார்புத் தசை இதில் விரியும்.

4. நேராக உட்கார்ந்து, மோவாயைக் கீழே சாய்க்காமல் பின்னுக்கு இழுத்து 5 விநாடி நிறுத்துங்கள். 10 முறை. ரெயிலிலும் செய்யலாம்.

முதல் வாரம் லேசான உடம்பு வலி இருக்கும். அது பயிற்சியின் வலி, பயப்பட வேண்டாம். குத்தும் வலியோ கை மரத்துப்போவதோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். வலி போனதும் நிறுத்திவிடுகிறவர்களுக்குத்தான் அது திரும்ப வருகிறது.

ஒத்தடம், தைலம், மாத்திரை

கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து 15 நிமிடம் ஒத்தடம் கொடுப்பது நல்ல வைத்தியம். சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டித் தசையைத் தளர்த்தும். சர்க்கரை நோய் முற்றி உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை வேறொருவர் கையால் சோதித்துப் பார்த்த பிறகே வைக்க வேண்டும். அடிபட்டு வீங்கியிருந்தால் முதல் இரண்டு நாள் சூடு கூடாது, ஐஸ்தான்.

தைலம் தடவலாம். அதைவிட அந்தக் கை கொடுக்கும் மாலிஷ் இதமானது.

வலி என்று படுத்தே கிடப்பது தவறு. கனமான வேலையை இரண்டொரு நாள் குறைத்து, நடமாடிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் குணமாகும். கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டால் தசை பலவீனப்படும்.

படுக்கையும் முக்கியம். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோளுக்கும் தலைக்கும் இடையே உள்ள இடைவெளியை நிரப்பும் அளவுக்குத் தலையணை வேண்டும். வாங்க முடியாவிட்டால் போர்வையை மடித்து வைக்கலாம். குப்புறப் படுப்பது கழுத்தை இரவு முழுவதும் முறுக்கி வைப்பதற்குச் சமம்.

டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற மாத்திரைகளை மருந்துக்கடைக்காரர் சொல்கிறார் என்று நாள்தோறும் விழுங்குவது ஆபத்து. வயிற்றில் புண், ரத்தக் கசிவு, சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் கூடுதல் எல்லாம் வரும். வெறும் வயிற்றில் போடக் கூடாது. பிளட் பிரஷர், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. பெயர் எழுதாத பொட்டலத்தில் கொடுக்கும் மாத்திரையையும் பொடியையும் வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி மாயமாய் மறையும். உடம்பு மெல்ல மெல்லக் கெடும்.

சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைப் பிடித்துப் "படக்" என்று திருகுவார்களே, அது வேண்டவே வேண்டாம். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். நூற்றுக்கணக்கான முறை ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஒரு முறை ஆனால் போதும், குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

எக்ஸ்ரே எடுத்து "எலும்பு தேய்ந்துவிட்டது" என்று சொன்னால் இடிந்துபோக வேண்டாம். வலியே இல்லாத நடுத்தர வயதினர் பலருக்கும் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியும். தலை நரைப்பது போல அதுவும் வயதின் அடையாளம். தேய்மானம் இருந்தும் வலியில்லாமல் வேலை செய்கிறவர்கள் ஏராளம்.

இவை ஆபத்து அறிகுறிகள்!

இதுவரை சொன்னது சாதாரணத் தசை வலிக்கு. கீழே உள்ளவை வேறு. இவற்றில் "வாயு" என்று காத்திருப்பது உயிருக்கே உலை வைக்கும்.

* மேல் முதுகு, தோள், இடது கை, தாடை இவற்றில் வலியோடு நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சு முட்டல், குமட்டல்: மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலி தெரியாமல், முதுகு வலியும் களைப்பும் மட்டுமே வரக்கூடும். தசை வலி கையை அசைத்தால், அழுத்தினால் கூடும். நடந்தாலோ மாடி ஏறினாலோ வந்து, நின்றால் குறையும் வலி இதயத்தைச் சேர்ந்தது. சந்தேகம் என்றால் சோடா குடித்துக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள். ஈ.சி.ஜி. எடுக்கும் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* முதுகை யாரோ கிழிப்பது போலத் திடீரென்று தாங்க முடியாத வலி: பெரிய ரத்தக்குழாய் பிளந்திருக்கலாம். இதுவும் அவசரம்.

* வலியோடு மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், படுத்தாலும் குறையாத வலி: முதுகெலும்பில் காச நோய் இருக்கலாம். காச நோய் நுரையீரலுக்கு மட்டும் வருவது அல்ல. இருமலே இல்லாமலும் முதுகெலும்பை அரிக்கும். நெருக்கமான குடிசைப் பகுதிகளில் வாழ்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். ஓராண்டோ அதற்கு மேலோ விடாமல் சாப்பிட்டால் குணமாகும். பாதியில் விட்டால் முதுகு கூனும்; கால் விழவும் கூடும்.

* கை மரத்தல், பிடி தளர்தல், பொத்தான் போட முடியாமை, நடை தடுமாறுதல், சிறுநீர் கட்டுப்படாமை: நரம்பு அழுந்துகிறது. தள்ளிப்போடக் கூடாது.

* எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பின் வலது விலாவுக்குக் கீழேயும் வலது தோள்பட்டையிலும் வலி: பித்தப்பைக் கல்லாக இருக்கலாம்.

* கையைத் தூக்கவே முடியாமல் தோள் இறுகிப்போவது: சர்க்கரை நோயாளிகளுக்கு இது அதிகம் வருகிறது. தோள் வலிக்காகப் போனபோதுதான் சர்க்கரை இருப்பதே சிலருக்குத் தெரிய வருகிறது.

எங்கே போவது?

சயான் லோகமான்ய திலக் ஆஸ்பத்திரி, பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரி இரண்டும் மாநகராட்சியுடையவை. இரண்டிலும் பிசியோதெரபி பிரிவு உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு எடுக்க வேண்டும். ஒரு முறை போய்ப் பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொண்டால் பிறகு வீட்டில் செய்துகொள்ளலாம். மராட்டியோ இந்தியோ சரளமாக வராதவர்கள், வலி எங்கே, எத்தனை நாளாக, எதனால் கூடுகிறது, என்ன மாத்திரை சாப்பிட்டோம் என்ற நான்கையும் எழுதிக்கொண்டு, தெரிந்த ஒருவரை அழைத்துப் போவது நல்லது.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் அதை வீணாக்கக் கூடாது. வைத்தியம் மட்டும் அல்ல. தேவையான நாட்கள் வேலை செய்து சந்தா கட்டியிருந்தால், டாக்டர் சான்று தரும் ஓய்வு நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாள் வரை பெறலாம். இது தெரியாமலேயே வலியோடு வேலைக்குப் போகிறவர்கள் பலர். மூட்டை தூக்கும் "மாதாடி" தொழிலாளர்களுக்கு மராட்டிய மாநிலத்தில் 1969-லேயே தனிச் சட்டம் வந்தது. பதிவு செய்துகொண்டவர்கள் தங்கள் வாரியத்தில் மருத்துவ வசதி பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவு செய்யாதவர்கள் முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஊரில் உள்ளவர்கள் மணியார்டரை எதிர்பார்த்த காலம் போய், செல்போனில் பணம் அனுப்பும் காலம் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பணத்தைச் சம்பாதிப்பது இன்றைக்கும் இந்தத் தோள்கள்தான். மெஷினுக்கு எண்ணெய் விடுகிறவர் தம் தோளுக்கு நாளைக்கு 2 நிமிடம் ஒதுக்கினால் நஷ்டமில்லை. ஒரு பழைய டியூப், உயரம் சரியான ஸ்டூல், நேரத்தில் தூக்கம்: மருந்துக்கடையில் கிடைக்காத மருந்து இவை. அதற்கும் அடங்காத வலி என்றால் டாக்டர் இருக்கிறார். வாயுவின் தலையில் பழியைப் போட வேண்டாம்!